டாக் ரன்னுக்குப் போகுமுன்: வெயிலைவிடப் புழுக்கத்துக்குப் பயப்படுங்கள்

நாயைக் கயிறில்லாமல் ஓடவிடுவதற்கென்றே வேலி போட்ட திடல்கள் சிங்கப்பூர்ப் பூங்காக்கள் சிலவற்றில் இருக்கின்றன. இங்கே எல்லோரும் 'டாக் ரன்' என்றே சொல்வார்கள். பீஷான்-அங் மோ கியோ பூங்கா, கத்தோங் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ் ஆகியவற்றில் உள்ளவை பலரும் அறிந்தவை. வேலியைத் தாண்டிவிட்டால் பொது இடங்களில் கயிறு கட்டாயம்.

மதுரை, திருச்சி வெயிலில் வளர்ந்த நம்மவர்கள் 32 டிகிரி என்றதும் "இதெல்லாம் ஒரு வெயிலா" என்று நடுப்பகலிலேயே கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நமக்குப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயின் ஈரம் ஆவியாகித்தான் அதன் சூடு தணிகிறது. காற்றே ஈரமாக இருக்கும் இந்த ஊரில் அது எளிதில் நடப்பதில்லை. வானம் மூடியிருந்தாலும் புழுக்கம் குறையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றுள் பக், ஷி சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவிடுவதே பாடு. அவற்றை வளர்ப்பவர்கள் இரட்டிப்புக் கவனத்துடன் இருங்கள்.

இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கு விடிகிறது, 7 மணிக்கு இருட்டுகிறது. ஊரில் மாலை 5 மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும்; இங்கே அப்போதும் சிமெண்டுத் தரை சுடும். புறங்கையைத் தரையில் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. விடிந்ததும் போய் ஒன்பதுக்குள் திரும்புவதுதான் நல்லது.

தண்ணீரும் கிண்ணமும் கையோடு இருக்கட்டும். இரைப்பு அடங்காமல் எச்சில் கெட்டியாக வழிந்தாலோ, ஈறு செக்கச்செவேலென்று மாறினாலோ, கால் தள்ளாடினாலோ விளையாட்டை உடனே நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, காற்று படவிட்டு, கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள். "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

இரட்டைக் கதவு இருந்தால், வெளிக்கதவை மூடிய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். சிறிய நாய்க்குத் தனிப் பகுதி இருந்தால் அங்கேயே விடுங்கள். தின்பண்டத்தை வெளியே எடுத்தால் சண்டை வரும். கழிவை அள்ளுவது உங்கள் பொறுப்பு. வீடு திரும்பியதும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மின்தூக்கியில் யாராவது ஒதுங்கி நின்றால் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள், அல்லது அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருங்கள். நாயின் எச்சில் படுவதை முஸ்லிம் அண்டைவீட்டார் பலர் தவிர்ப்பார்கள். அந்த மரியாதையை நாம் கொடுத்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம்.

எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் வளர்ப்பு நாயை ஏற்ற மாட்டார்கள். ஆகவே, நடந்துபோகும் தூரத்தில் டாக் ரன் இல்லையென்றால், செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்சியைத் திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்தே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.