முக்கால் மணி நேரத்தில் சென்னை வராது

கொழும்பிலிருந்து இன்ன ஊருக்கு எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடப் பழகுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான். தட்டச்சுப் பிழைகளை விட்டுவிடுவோம்.

தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு எழுந்துபோவது

கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து சென்னை விமான நிலையம் நேராக ஏறத்தாழ 647 கி.மீ. ஜெட் வேகம் மணிக்கு 850 என்று வைத்து வகுத்தால் 46 நிமிடம். கணக்கு சரி, விடை பிழை. அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். உடனே, “எயார்லைன்காரர் சும்மா கூட்டிப் போடுகிறார்கள்” என்ற பேச்சு வரும். எரிச்சலூட்டுவது அதுதான்.

850 என்பது உயரத்தில் சமமாகப் பறக்கும்போது மட்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவான வரம்பு 250 நொட், அதாவது மணிக்கு 463 கி.மீ. இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கி.மீ. வேண்டும். 35,000 அடியில் போகும் விமானம் கிட்டத்தட்ட 195 கி.மீ. முன்னாலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஏறுவதற்கும் அதே அளவு போகும். 647இல் முழு வேகத்துக்கு மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. அதோடு அட்டவணை நேரம் என்பது தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதற்குள்தான்.

46ஐ நம்பிச் சென்னையிலிருந்து மதுரைக்குத் தனி டிக்கெட் போட்டுக் கொடுத்தால் பணம் போகும். குடிவரவு, பெட்டி, சுங்கம், மறுபடி செக்-இன். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை.

கைக்கணக்கு வேண்டுமென்றால், 850ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுங்கள். சென்னைக்கு 81 வரும். லண்டன் போன்ற நீண்ட பயணத்துக்கு இதுவும் போதாது. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் போக நேரம் கூடும், வரக் குறையும். ஒரு திசையின் நேரத்தை மறுதிசைக்கு எழுதாதீர்கள்.

எந்த மைல்?

கடல்மைல் 1.852 கி.மீ., தரைமைல் 1.609. சென்னைக்கான 350 கடல்மைலைத் தரைமைலாக எடுத்தால் 85 கி.மீ. காணாமல் போகும்.

எந்தக் கொழும்பு?

நகர மையமான கோட்டைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 28 கி.மீ. சில கருவிகள் நகரத்தை எடுக்கும், சில விமான நிலையத்தை. அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கையால் இடும்போது 7 பாகை 11 கலையை 7.11 என்று போடக்கூடாது; 11ஐ 60ஆல் வகுத்தால் 7.18. அகலக்கோடு 7.18, நெடுங்கோடு 79.88 இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் கட்டுநாயக்க வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் கிடக்கும்.

லண்டன் மணிக்கூடு

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இலங்கைக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் நாலரை மணி, மற்றக் காலத்தில் ஐந்தரை.

பழைய அட்டவணை

1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக்கும் சென்னைக்கும் ஒரே நேரமல்ல, நாம் அரை மணி முன்னால்.