வீட்டு நாஸ் கருவியில் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் அமைப்பது எப்படி?

வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து எல்லாருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் சேமித்துத் தரும் வட்டுப்பெட்டியான நாஸ் கருவியை வாங்கி வீட்டில் வைத்த முதல் வாரத்தில் பலரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். நிறுவும்போது உருவாக்கிய நிர்வாகிக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டிலுள்ள எல்லா மடிக்கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தொலைக்காட்சியிலும் பதித்துவிடுகிறார்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதால் அதன்பின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த மடிக்கணினிகளில் ஏதேனும் ஒன்றில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்துவிட்டால், அந்தக் கணக்கால் எழுத முடிகிற ஒவ்வொரு கோப்பும் அதன் கைக்குப் போய்விடும். 2019 ஜூலையில், நாஸ் கருவிகளைத் தயாரிக்கும் சினாலஜி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது இதற்கு நெருங்கிய ஒரு விஷயத்தைப் பற்றித்தான். நிர்வாகிக் கணக்குகளின் கடவுச்சொற்களை விடாமல் ஊகித்துப் பார்த்து, கிடைத்த கணக்கின் வழியே உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டுகிறார்கள் என்று அது அறிவித்தது. அதற்கு மென்பொருளில் ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. எளிய கடவுச்சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

கீழே உள்ள விளக்கம் சினாலஜியின் டி.எஸ்.எம். 7 இயங்குதளத்தை வைத்து எழுதப்பட்டது. வேறு நிறுவனக் கருவிகளில் பட்டியல்களின் பெயர்கள் மாறினாலும் அடிப்படை முறை பெரும்பாலும் இதுவே.

முதலில் நிர்வாகிக் கணக்கை அன்றாடப் பயன்பாட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் 'யூசர் & குரூப்' பகுதியைத் திறந்து, 'அட்மின்' என்ற பெயரிலேயே இருக்கும் பழைய கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கோப்புகளைப் பார்க்கவும் சேமிக்கவும் பயன்படுத்துவதற்கு நிர்வாக உரிமை இல்லாத இன்னொரு கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். நிர்வாகிக் கணக்கிற்கு, கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும் இரண்டடுக்கு உள்நுழைவை இயக்கலாம். ஆனால் அது உலாவி வழியாக நுழையும்போதுதான் காவல் காக்கும், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலிருந்து எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக இணைபவரிடம் அந்த எண்ணைக் கேட்காது என்பதை நினைவில் வையுங்கள். அதனால் அந்தக் கணக்கின் 'அப்ளிகேஷன்ஸ்' தாவலில் எஸ்.எம்.பி.க்கும், கோப்புகளை அனுப்பிப் பெறும் இன்னொரு முறையான எஃப்.டி.பி.க்கும் மறுப்புக் கொடுத்துவிடுவது நல்லது. அமைப்புகளை மாற்றும் சாவியைக் கோப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

அடுத்து, ஆளுக்கு ஒரு கணக்கு என்பதோடு கருவிக்கு ஒரு கணக்கு என்றும் யோசியுங்கள். தொலைக்காட்சியில் படம் பார்க்க ஒரு கணக்கு, ஸ்கேன் செய்த தாள்களை நேராக நாஸுக்கு அனுப்பும் அச்சுப்பொறிக்கு ஒரு கணக்கு, மேக் கணினியின் டைம் மெஷின் காப்புப்பிரதிக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டால், தொலைக்காட்சியில் பதிந்திருக்கும் கடவுச்சொல் வெளியே போனாலும் படங்களைப் பார்ப்பதற்கு மேல் யாராலும் எதுவும் செய்ய முடியாது. டைம் மெஷின் கிடைக்கிற இடம் முழுவதும் பழைய பிரதிகளை நிரப்பும் இயல்புடையது. எனவே அந்தக் கணக்கிற்கு 'கோட்டா' தாவலில் கட்டாயம் வரம்பு வையுங்கள். மேக்கின் வட்டு அளவைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் பொதுவாகப் போதும்.

இனி அனுமதிகள். பகிர்வுக் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் 'நோ ஆக்சஸ்' (அணுக முடியாது), 'ரீட்/ரைட்' (வாசிக்கவும் எழுதவும்), 'ரீட் ஒன்லி' (வாசிக்க மட்டும்) என்று மூன்று நிலைகள் உண்டு. எதையும் குறிக்காமல் வெறுமையாக விடுவது நான்காவது நிலை. ஒருவருக்குத் தனியாகக் கொடுத்த அனுமதியும் அவர் சேர்ந்திருக்கும் குழுக்களின் அனுமதிகளும் மோதும்போது 'நோ ஆக்சஸ்' எல்லாவற்றையும் வெல்லும். அதற்கு அடுத்து 'ரீட்/ரைட்'. கடைசியில் 'ரீட் ஒன்லி'. குழப்பங்களில் பாதி இந்த வரிசையை மறப்பதால்தான் வருகிறது. நானும் ஒருமுறை, வரவுசெலவுக் கோப்புறையைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று 'யூசர்ஸ்' குழுவுக்கு 'நோ ஆக்சஸ்' கொடுத்துவிட்டு, எனக்கும் அது ஏன் திறக்கவில்லை என்று ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். உருவாக்கும் கணக்குகள் எல்லாம், நிர்வாகிக் கணக்கு உட்பட, தாமாகவே அந்தக் குழுவில் சேர்ந்துவிடுகின்றன. எனவே அதற்குக் கொடுக்கும் மறுப்பு வீட்டில் எல்லாருக்கும் கொடுக்கும் மறுப்பாகிவிடும். வெறுமையாக விட்டாலே அனுமதி இல்லை என்றுதான் பொருள். மறுப்பை, ஒரு குழுவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு அதில் ஒருவரை மட்டும் விலக்க வேண்டிய அரிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 'யூசர்ஸ்' குழுவைத் தொடாமல், 'பெரியவர்கள்', 'பிள்ளைகள்', 'கருவிகள்' என்பதுபோல உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் இரண்டு மூன்று குழுக்களை உருவாக்கி, அனுமதிகளைக் குழுக்களுக்கே கொடுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் தனித்தனியாக ஆட்களைக் குறித்துக்கொண்டு போனால், ஓராண்டு கழித்து யாருக்கு எது ஏன் கொடுக்கப்பட்டது என்று உங்களுக்கே விளங்காது. எழுதும் அனுமதியைக் கொடுப்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டலாம்: முடிந்துபோன ஆண்டுகளின் புகைப்படங்களை ஒரு தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, அதை நீங்கள் உட்பட எல்லாருக்கும் வாசிக்க மட்டும் விட்டுவிட்டால், எந்த மடிக்கணினியில் எது நுழைந்தாலும் அந்தப் படங்கள் தப்பிக்கும். ஒருவருக்கு முடிவாகக் கிடைப்பது எது என்பதை அவருடைய கணக்கைத் திறந்து 'பெர்மிஷன்ஸ்' தாவலில் காணலாம்; குழு வழியாக வந்ததும் அங்கேயே காட்டப்படும்.

'யூசர் ஹோம்' சேவையை இயக்கினால் ஒவ்வொருவருக்கும் 'ஹோம்' என்ற சொந்தக் கோப்புறை கிடைக்கும். மற்றப் பயனர்கள் அதைப் பார்க்க முடியாது, ஆனால் நிர்வாகியால் முடியும். வயது வந்த பிள்ளையோ வாழ்க்கைத்துணையோ அந்த இடத்தை அந்தரங்கமானது என்று நம்பிக் கோப்புகளை வைக்கும் முன்பே இதை அவர்களிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அமைத்து முடித்ததும் நிர்வாகிக் கணக்கிலிருந்து சோதிக்காதீர்கள். பிள்ளையின் கணக்கில் நுழைந்து, திறக்கக் கூடாதது திறக்கிறதா என்று பாருங்கள். ஒரே விண்டோஸ் கணினி ஒரே நாஸுடன் ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைய மறுக்கும். அப்போது விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பதிந்திருக்கும் பழைய பெயரை நீக்கிவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள்; சோதனைக்கு மட்டுமானால் நாஸின் பெயருக்குப் பதில் அதன் ஐ.பி. முகவரியைத் தட்டச்சு செய்தாலே பெரும்பாலும் போதும்.

தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயலும் முகவரியைத் தானாகத் தடுக்கும் 'ஆட்டோ பிளாக்' வசதியை, 'செக்யூரிட்டி' பகுதியில், 5 நிமிடத்தில் 10 முயற்சி என்ற அளவில் இயக்கிவையுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு ஏதோ ஒரு கைப்பேசிச் செயலி பழையதையே முயன்றுகொண்டிருந்தால் அந்தக் கைப்பேசியும் தடுக்கப்படும். யாருக்காவது திடீரென நாஸ் கிடைக்கவில்லை என்றால் முதலில் அந்தத் தடைப்பட்டியலைப் பாருங்கள்.

விருந்தினராக வந்து சில மாதம் தங்குபவருக்குக் கணக்குக் கொடுப்பதானால், அது தானாக முடங்க வேண்டிய தேதியை அன்றே குறித்துவிடலாம். வீட்டை விட்டுப் போனவரின் கணக்கையும் உடனே அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். கணக்கோடு அவருடைய 'ஹோம்' கோப்புறையும் போய்விடக்கூடும் என்பதால், அதிலுள்ளவற்றை வேறு வட்டில் படியெடுத்து அவரிடம் கொடுத்து, எல்லாம் திறக்கின்றன என்று அவர் சொன்ன பிறகு கணக்கை நீக்கினால் போதும்.