குடிபெயர்தலும் குடிபெயர்த்தலும்: செரோக்கி வெளியேற்றத்தை ஆராய விரும்புவோருக்கு

அமெரிக்காவின் தென்கிழக்கு மலைநாட்டில், இன்றைய ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, வட கரோலினா மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் வாழ்ந்த செரோக்கி மக்கள், 1838-இலும் 1839-இலும் படைவீரர்களால் வீடுகளிலிருந்து பிடித்து வெளியேற்றப்பட்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 'கண்ணீர்ப் பாதை' என்ற பெயரில் தமிழ் வாசகர்கள் பலர் இதை ஓரளவு அறிந்திருப்பார்கள். அதற்கு அப்பால் சென்று மூல ஆவணங்களைத் தாமே படித்து எழுத விரும்பும் மாணவர்களையும் கட்டுரையாளர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தேடலைத் தொடங்கியதுமே ஒரு சொல் உங்களைத் தடுக்கும். அமெரிக்க அரசின் இந்தியர் விவகார அலுவலகம் இந்த வெளியேற்றம் தொடர்பான கடிதங்களைக் 'குடிபெயர்வு' என்று பொருள்படும் 'எமிகிரேஷன்' என்ற தலைப்பின்கீழ் கோப்பில் இட்டது. வெளியேற்றம், துரத்தல் போன்ற சொற்களைக் கொண்டு மட்டும் தேடினால் அந்தக் கோப்புகள் கண்ணில் படாமலே போகலாம். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே நடந்திருப்பது உடனே விளங்கும்: 'குடிபெயர்தல்' தன்வினை, 'குடிபெயர்த்தல்' பிறவினை. பிறவினையாகச் செய்த ஒன்றை அரசு தன்வினையாகப் பதிவு செய்தது. எனவே தேடும்போது அரசின் சொல்லைப் பயன்படுத்துங்கள். எழுதும்போது உங்கள் வினைச்சொல்லை நீங்களே தேர்ந்தெடுங்கள். மக்களின் பெயரிலும் இதே கவனம் தேவை. தமிழில் பழகிப்போன 'செவ்விந்தியர்' என்ற சொல் நூற்றுக்கணக்கான தேசங்களை ஒரே நிறத்தில் கரைத்துவிடுகிறது. செரோக்கியரைச் செரோக்கியர் என்றே எழுதுவது சரியானது.

வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அரசின் ஆவணங்களிலோ படைவீரர்களின் நினைவுகளிலோ தொடங்காமல், செரோக்கியர் தாமே எழுதியவற்றில் தொடங்குங்கள். செக்வோயா என்ற செரோக்கியர் 1821-இல் தம் மொழிக்கென எழுத்துகளை உருவாக்கி முடித்தார். அச்சில் வழங்கும் 85 எழுத்துகளில் பெரும்பாலானவை ஓர் அசையைக் குறிப்பவை என்பதால் நம் உயிர்மெய் எழுத்துகளுக்குப் பழகிய கண்ணுக்கு அதன் அமைப்பு எளிதில் பிடிபடும். ஆனால் 'க', 'கி', 'கு' என்பவற்றுக்கு இடையே நாம் காணும் வடிவ ஒற்றுமை அங்கே கிடையாது, ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவம். அந்த எழுத்திலும் ஆங்கிலத்திலுமாக 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாள் 1828 பிப்ரவரி 21 அன்று நியூ எக்கோட்டா என்ற அவர்களுடைய தலைநகரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. 1834 வரை வந்த அதன் இதழ்கள் ஜார்ஜியாவின் பழைய செய்தித்தாள்களுக்கான மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1827-இல் எழுத்து வடிவ அரசியலமைப்பை இயற்றிய மக்கள், அடுத்தடுத்த ஆண்டுகளில் தங்கள் நிலத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டதையும், ஜார்ஜியா மாநிலம் தங்கள் மண்ணைக் குலுக்கல் முறையில் வெள்ளையருக்குப் பங்கிட்டதையும் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை அந்தந்த வாரத்தின் சொற்களிலேயே அங்கே படிக்கலாம். 1828 முதல் 1866 வரை முதன்மைத் தலைவராக இருந்த ஜான் ராஸின் கடிதங்களும் மனுக்களும் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டுள்ளன. செரோக்கிப் பெண்கள் நிலத்தை விற்கவேண்டாமென்று 1817-இல் தங்கள் தலைவர்களுக்கு அனுப்பிய மனுவையும் விட்டுவிடாதீர்கள். தாய்வழிச் சமூகத்தில் நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

அடுத்து சட்ட ஆவணங்கள். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830 மே 28 அன்று கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டம், 1831-இலும் 1832-இலும் வந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், 1835 டிசம்பர் 29-இன் நியூ எக்கோட்டா ஒப்பந்தம் ஆகிய நான்கையும் முழுமையாகப் படியுங்கள். நான்கும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1832-இல் தீர்ப்பான வூஸ்டர் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். "மார்ஷல் தீர்ப்பைச் சொல்லிவிட்டார், முடிந்தால் அவரே நிறைவேற்றட்டும்" என்று ஜாக்சன் கூறியதாக எல்லா இடத்திலும் ஒரு மேற்கோள் வரும். அது அச்சில் முதலில் வந்தது 1864-இல். ஜாக்சன் இறந்ததோ 1845-இல். அந்த மேற்கோளை எடுத்தாள நேர்ந்தால் இந்த இடைவெளியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தை அதன் எதிர் மனுவோடு ஒருங்கே வைத்துப் படித்தால்தான் அதன் தன்மை புலப்படும். 50 லட்சம் டாலருக்குத் தாயகம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் அந்த ஒப்பந்தத்தில் மேஜர் ரிட்ஜ், எலியாஸ் பூடினோ உள்ளிட்ட ஒரு சிறு குழுவினரே கையெழுத்திட்டார்கள். செரோக்கி அரசு அவர்களுக்கு அந்த அதிகாரத்தை அளிக்கவில்லை. செனட் அவை அதை 1836 மே மாதத்தில் 31-க்கு 15 என்ற வாக்குக் கணக்கில் ஏற்றது. ஆதரவு வாக்குகளில் ஒன்று எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. அதை எதிர்த்து ராஸ் தரப்பு அளித்த மனுவில் 15,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. 1835-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு கிழக்கில் இருந்த செரோக்கியரை 16,542 என்று காட்டுவதால், மனுவில் குழந்தைகளின் பெயர்களும் சேர்ந்திருக்க வேண்டும். இதைக் குறையாகக் காட்டி மனுவை ஒதுக்கியவர்கள் உண்டு. ஒரு குடும்பம் தன் குழந்தைகளின் பெயரையும் சேர்த்து எதற்காக எழுதியது என்று கேட்பதே ஆய்வாளரின் வேலை என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கணக்கெடுப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் டி 496 என்ற நுண்படச் சுருளாக உள்ளது. ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயருக்கும் எதிரே பயிரிட்ட ஏக்கர், விளைந்த சோளம், நூற்பவர், நெய்பவர், செரோக்கி படிக்கத் தெரிந்தவர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் என எண்கள் அணிவகுக்கும். அதே பட்டியல் 1,592 அடிமைகளையும் எண்ணுகிறது. செரோக்கியருள் வசதி படைத்தவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். அந்த அடிமைகளும் அதே பாதையில் நடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால், 1930-களில் ஓக்லஹோமாவில் முன்னாள் அடிமைகளிடமும் அவர்கள் வழிவந்தவர்களிடமும் எடுத்த நேர்காணல்களுக்குச் செல்ல வேண்டும். இவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு அரைகுறையானது.

இனி பயணம். தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படைகள் 1838 மே 26 அன்று ஜார்ஜியாவில் மக்களைப் பிடிக்கத் தொடங்கின. ஜூன் மாதத்தில் சில குழுக்கள் படைக் காவலோடு ஆற்று வழியே அனுப்பப்பட்டன. கோடை வறட்சியும் நோயும் கடுமையாக இருந்ததால், மீதமுள்ளோரைத் தாங்களே இலையுதிர் காலத்தில் அழைத்துச் செல்வதாக ராஸ் தரப்பு இசைவு பெற்றது. இந்தப் பயணத்தை மொத்தமாகப் படிக்க முயலாதீர்கள். ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதன் புறப்பாடு, பாதை, உணவுக் கணக்கு, வந்து சேர்ந்த நாள் ஆகியவற்றைத் தொடருங்கள். சமயப் பணியாளர் டேனியல் பட்ரிக் உடன் நடந்த ரிச்சர்ட் டெய்லரின் குழு தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் பட்ரிக் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதினார். அவர் சார்ந்திருந்த சமயப் பணிச் சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன.

நாட்குறிப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 1838 டிசம்பர் 3 அன்று குடியரசுத் தலைவர் வான் பியூரன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், செரோக்கி தேசம் முழுவதும் மிசிசிப்பிக்கு மேற்கே புதிய இல்லங்களுக்குச் சென்றுவிட்டதாக மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார். அதே மாதத்தின் இறுதியில் பட்ரிக், ஒஹையோ ஆற்றிலும் மிசிசிப்பி ஆற்றிலும் அவற்றுக்கு இடைப்பட்ட தெற்கு இலினாயிலும் அடுத்தடுத்துத் தேங்கி நிற்கும் குழுக்களை எண்ணி, ஏறத்தாழ 8,000 பேர் நோயிலும் சாவிலும் சிக்கியிருப்பதாகக் குறிப்பு எழுதுகிறார். பட்ரிக் உடன் நடந்த டெய்லரின் குழு மேற்கே போய்ச் சேர்ந்தது 1839 மார்ச் மாதத்தில். தலைவரின் செய்தியை மட்டும் படித்தவர் பயணம் முடிந்துவிட்டது என்று எழுதுவார். தேதிகளை அருகருகே வைத்தவர் பனியில் உறைந்த ஆற்றங்கரையில் காத்திருந்தவர்களைக் காண்பார்.

இறந்தோர் எண்ணிக்கையில் மிகுந்த நிதானம் வேண்டும். 4,000 என்ற எண் எலிசர் பட்லர் என்ற சமயப் பணி மருத்துவரின் மதிப்பீட்டிலிருந்து வருவது. பயணத்துக்கு முன் அடைத்துவைக்கப்பட்ட முகாம்களில் இறந்தவர்களும் அதில் அடக்கம். 1984-இல் செரோக்கி இனத்தைச் சேர்ந்த மக்கள்தொகை ஆய்வாளர் ரசல் தார்ன்டன், இழப்பு அதைப்போல ஏறத்தாழ இருமடங்காக இருக்கலாம் என்று வாதிட்டார். ஆகவே எண்ணை எழுதும்போது அது யாருடையது, எந்தக் காலத்தை உள்ளடக்கியது, மதிப்பீடா பதிவா என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.

நினைவுக் குறிப்புகளிலும் இதே அளவுகோல்தான். ஜான் பர்னெட் என்ற முன்னாள் படைவீரர் 1890 டிசம்பரில் தம் 80-ஆவது பிறந்தநாளில் எழுதிய குறிப்பு படிப்பவரைக் கலங்க வைக்கும். ராஸின் மனைவி குவாட்டி நோயுற்ற குழந்தைக்குத் தம் போர்வையைக் கொடுத்துவிட்டுப் பனியில் சென்று இறந்ததாக அதில் வருகிறது. அவர் 1839 பிப்ரவரியில் லிட்டில் ராக் அருகே இறந்தது உண்மை. ஆனால் அவர் சென்றது நீராவிப் படகில். நிகழ்ந்து 50 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட அந்தக் குறிப்பு, இந்த நிகழ்வு எப்படி நினைவுகூரப்பட்டது என்பதற்குச் சான்றாகும். என்ன நடந்தது என்பதற்கு அதைத் தனிச் சான்றாகக் கொள்ள முடியாது.

நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்கள் ஜார்ஜியாவில் நியூ எக்கோட்டாவையும், டென்னசியில் கடைசிப் பேரவைகள் கூடிய ரெட் கிளேயையும், கென்டக்கியில் ஆறு உறைந்தபோது மக்கள் ஒதுங்கிய மேன்டில் ராக் பாறையையும் பார்க்கலாம். செரோக்கி மக்கள் இன்று ஓக்லஹோமாவில் செரோக்கி தேசம், கீட்டூவா ஐக்கியக் குழு, வட கரோலினாவில் கிழக்குக் குழு என மூன்று அரசுகளாக வாழ்கிறார்கள். நேர்காணல் எடுக்கவோ குடும்பப் பதிவுகளைக் கேட்கவோ விரும்பினால் முதலில் அந்தந்த அரசை அணுகி முறைப்படி அனுமதி பெறுங்கள்.

கடைசியாக, முழு ஆய்வுக்கும் முதுகெலும்பாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். 1835-இன் கணக்கெடுப்பில் ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு, 1836-இல் வீடு, வயல், பழமரங்களுக்கு விலை மதித்த ஏடுகளிலும், பறிபோன பொருள்களுக்கு ஈடு கேட்டு மக்கள் 1842-இல் அளித்த கோரிக்கைகளிலும், வெளியேற்றப்பட்டு மேற்கே வந்தவர்களைப் பதிவு செய்த 1851-இன் டிரென்னன் பட்டியலிலும் தொடருங்கள். கோரிக்கைகளில் பானை, ஏர், கோழி, பீச் மரம் என ஒரு வீடே வரிவரியாகக் கிடைக்கும். செரோக்கிப் பெயரை ஒவ்வோர் எழுத்தரும் தாம் கேட்டபடி எழுதியிருப்பதால், பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தனித்தாளில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இடையில் ஒரு பெயர் நின்றுபோனால் உடனே இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். மலைகளில் தங்கிவிட்டவர்களும் உண்டு என்பதால் கிழக்கில் எடுக்கப்பட்ட சைலர் பட்டியலையும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், எந்த ஆண்டின் எந்த ஏட்டில் அவர் கடைசியாக இருந்தார் என்பதைக் குறித்து, அதன்பின் பெயர் காணப்படவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.