சத்தமில்லாத கணினிக்கு வாட்டர் கூலரா, ஏர் கூலரா? பலரும் சறுக்கும் இடங்கள்

கணினியின் மூளையான ப்ராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலர் போட்டால் சத்தமே இருக்காது என்று நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. தண்ணீர் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. ப்ராசஸரிடம் வாங்கி, ரேடியேட்டர் என்ற உலோகத் தகடுகளின் அடுக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து வெளியேற்ற எப்படியும் ஃபேன் சுற்றியாக வேண்டும். கூடவே தண்ணீரைச் சுற்றிவரச் செய்ய ஒரு பம்பும் சேர்ந்துகொள்கிறது. கணினி சும்மா இருக்கும்போது ஃபேனை நிறுத்தியேகூட வைக்கலாம். பம்பை நிறுத்த முடியாது.

அந்தப் பம்பு ரேடியேட்டருக்கு மேலே அமைகிறதா, கீழே அமைகிறதா என்பதிலும் தவறு நடக்கிறது. என் முதல் வாட்டர் கூலரின் ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் மாட்டிவிட்டேன். ராத்திரி வீடு அடங்கியதும் குடத்திலிருந்து தண்ணீர் சாய்ப்பதுபோல களக் களக் என்று கேட்கும். உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். அது மேடான இடத்தைத் தேடிப் போகும். ரேடியேட்டர் அடியில் இருந்ததால் மேடாக அமைந்தது பம்பு. ரேடியேட்டரைப் பெட்டியின் கூரைக்கு மாற்றியதும் காற்று அங்கே ஒதுங்கிக்கொண்டது, சத்தமும் போனது.

120 மிமீ அளவுள்ள சிறிய ரேடியேட்டர் கொண்ட வாட்டர் கூலரை வாங்குவதும் வீண். தண்ணீர் இல்லாமல், ப்ராசஸர் மேல் கோபுரம்போல் நிற்கும் உலோகத் தகடுகளாலும் ஃபேனாலும் குளிர்விக்கும் பெரிய டவர் ஏர் கூலரே பெரும்பாலும் அதைவிட அமைதியாக வேலை செய்யும். ஆனால் பெட்டிக்குள் உயரம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். நாக்டுவா என்எச்-டி15 என்ற டவர் ஏர் கூலரின் உயரமே 165 மிமீ.

சரி, எதை வாங்கினாலும் காதைத் துன்புறுத்துவது ஃபேனின் வேகம்தான். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். அப்படியிருக்க, பலரும் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், ஃபேன் அமைப்பைத் தொடுவதே இல்லை. பிரவுசரைத் திறந்தால் ப்ராசஸரின் வெப்பம் ஒரு நொடியில் 20 டிகிரி எகிறும், ஃபேன் உஸ்ஸென்று சீறும், உடனே அடங்கும். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும். இப்படி ஏறி இறங்குவதை மறக்காது. 65, 70 டிகிரி வரை ஃபேன் ஒரே மெதுவான வேகத்தில் சுற்றட்டும், வேகம் மாறச் சில நொடி தாமதம் வையுங்கள். வாட்டர் கூலரில் வசதி இருந்தால் ஃபேனைத் தண்ணீரின் வெப்பத்தோடு இணையுங்கள். தண்ணீர் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும், அதனால் குட்டிக் குட்டி எகிறல்கள் ஃபேனுக்குத் தெரியவே தெரியாது. வாட்டர் கூலரில் எனக்கு நிஜமாகவே பிடித்த குணம் இது.

வெப்பத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் உயர்ரக ப்ராசஸர்களை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். 60ஐத் தாண்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கான விலையைக் காதுதான் கொடுக்கும்.

அப்புறம், கூலரை மாற்றும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அறை அமைதியாக இருக்கும் நேரத்தில், ஒவ்வொரு ஃபேனாக வேகத்தைக் குறைத்துக் காது கொடுங்கள். அடுத்து ஒரு கேமை ஓட விட்டு மறுபடி கேளுங்கள். அப்போது மட்டும் இரைச்சல் கிளம்பினால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான். ப்ராசஸருக்கு எந்தக் கூலரை மாட்டினாலும் அது அடங்காது.