சரித்திரப் படத்தில் ஓலையும் கல்வெட்டும்: எழுத்தில் செய்யக் கூடாத தவறுகள்

வாளுக்கும் கிரீடத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள், ஒற்றன் கொண்டுவரும் ஓலையை மட்டும் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஓலை குளோசப்பில் வந்ததும் சுவடி படித்துப் பழகியவர்களுக்குக் கதை அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் சோழர் காலத்து ஓலையில் நாம் இன்று எழுதும் அதே எழுத்து, அதே புள்ளி, நடுவில் கமா, கடைசியில் ஆச்சரியக்குறி வேறு.

முதல் தவறு புள்ளி. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பார்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, கல்வெட்டிலும் அப்படித்தான். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. ஏகார ஓகாரத்துக்கு நாம் போடும் சுழித்த கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது. நெடிலுக்குப் போடும் காலும் (ா) ரகரமும்கூட ஒரே மாதிரி இருக்கும். ஆக 'தேன்', 'தென்' இரண்டுமே 'தென' என்றுதான் கிடக்கும், 'பால்' பார்ப்பதற்கு 'பரல' மாதிரி இருக்கும், இடம் பார்த்துத்தான் படித்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது, வரி முடிகிற இடத்தில் சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும்.

எண்ணிலும் இதே கதை. 26 என்பதை ௨௬ என்று போட்டால் தமிழ் எண்தானே, சரிதானே என்று தோன்றும். பழைய முறையில் அது ௨௰௬, அதாவது இரண்டு, பத்து, ஆறு. நடுவில் பத்துக்கென்று தனிக் குறி உண்டு, பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. ஆண்டும் கி.பி. கணக்கில் வராது, அரசர் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்றுதான் வரும்.

அப்புறம் எழுதுகிற கை. நடிகர் ஓலையை மேசையில் வைத்து, பேனா பிடிப்பதுபோல் எழுத்தாணியைப் பிடித்து, மையில் தொட்டுத் தொட்டு எழுதுவார். உண்மையில் ஓலையை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியை அண்டக்கொடுத்து, வலது கையை அதிகம் நகர்த்தாமல் ஓலையைத்தான் நகர்த்திக்கொண்டே போவார்கள். அது எழுதுவதல்ல, கீறுவது. கரியோ பச்சிலைச் சாறோ பிறகு பூசுவதுதான், அப்போதுதான் எழுத்து பளிச்சென்று தெரியும்.

சுதந்திரப் போராட்டக் கதைகளிலும் இது நடக்கிறது. 1940களின் கடைப் பலகையில் 'சென்னை' என்று இன்றைய னை இருக்கும். அன்றைக்கு அது யானைத் தும்பிக்கைபோல் வளைவு போட்ட பழைய னை. இன்றைய வடிவத்தைப் பெரியார் 1935 முதலே தன் 'குடியரசு' பத்திரிகையில் அச்சிட்டார், ஆனால் தமிழக அரசு அதை ஏற்றது 1978இல்தான். ஆகவே அந்தக் காட்சியில் ஒருவர் கையில் 'குடியரசு' இருந்தால் புது எழுத்து சரி, பின்னால் இருக்கும் பலகையில் தப்பு.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் கல்வெட்டு கண்ணெதிரே இருக்கிறது, போட்டோ எடுத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்தாலே போதும். நடையையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். படத்தில் மன்னர்கள் பேசும் கனத்த தமிழை நினைத்துக்கொண்டு அதைப் படித்துப் பாருங்கள்: ராஜராஜனின் 26ஆம் ஆண்டு ஆணையில், தானும் அக்கனும் (அக்காவும்) தன் பெண்டுகளும் (அரசிகளும்) கோயிலுக்குக் "குடுத்தன" எல்லாவற்றையும் "கல்லிலே வெட்டுக" என்றிருக்கிறது. 'கொடுத்தன' இல்லை, நம் வீட்டில் சொல்கிற அதே 'குடுத்த'தான்.