அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் கார் பயணம்: ஓய்வு பெற்ற தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் பீனிக்ஸிலிருந்து கிளம்பி, வழியில் செடோனா, மாலை கிராண்ட் கேன்யனில் சூரிய அஸ்தமனம். மறுநாள் ஆன்டிலோப் கேன்யன், அன்றே மான்யுமென்ட் வேலி. மூன்றாம் நாள் பிரைஸ் கேன்யன் பூங்கா, நான்காம் நாள் சயான் பூங்கா, ராத்திரி லாஸ் வேகாஸ். அறுபத்தைந்தைத் தாண்டிய தம்பதிகள் கையில்கூட இப்படி ஒரு திட்டத்தைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் மகனோ மகளோ போட்டுக் கொடுத்தது. நாலே நாள் லீவு கிடைப்பவர்கள் வேறு வழியில்லாமல் போடும் திட்டம் அது. வேலையை விட்டு ஓய்வு பெற்றவர்களுக்கு எதற்கு?

உங்களிடம் நேரம் இருக்கிறது. அரிசோனா, யூட்டா, நெவாடா, நியூ மெக்சிகோ, தென்கிழக்குக் கலிஃபோர்னியா என்று விரிந்து கிடக்கும் இந்தப் பாலையில் வரக்கூடிய ஆபத்துகளில் பாதிக்கு மருந்தே காத்திருப்பதுதான். வெயில் இறங்கும் வரை, வெள்ளம் வடியும் வரை, புழுதி அடங்கும் வரை காத்திருக்க முடிந்தவருக்கு இது அருமையான பயணம். அடுத்த ஊரில் ஆறு மணிக்கு அறை போட்டிருக்கிறது என்று அவசரப்படுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வரைபடத்தைப் பார்த்து ஏமாறுவது

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் நின்றால் எதிரே வடவிளிம்பு தெரியும். பறவை பறந்தால் சுமார் 10 மைல். காரில் சுற்றிப் போனால் 215 மைல், நாலரை மணி நேரம். இந்தப் பகுதி முழுக்கவே இப்படித்தான். இடையில் பள்ளத்தாக்கு இருக்கும், மேட்டு நிலம் இருக்கும், பாலம் இருக்காது. வடவிளிம்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜூலையில் அங்கே பரவிய காட்டுத் தீயில் பழம்பெரும் கிராண்ட் கேன்யன் லாட்ஜ் எரிந்துபோனது. பழைய பயணத் திட்டம் எதையாவது வைத்துக்கொண்டு போகிறவர்கள், எது திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

என் கணக்கு எளியது. ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் குறைந்தது இரண்டு இரவு. அப்போதுதான் விடிகாலையிலும் அந்தியிலும் வெளியே இருந்துவிட்டு, நடுப்பகலில் அறையில் படுக்க முடியும். பாலைவனம் அழகாக இருப்பதும் அந்த இரண்டு வேளைகளில்தான்.

இருட்டிய பிறகு ஓட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். தெருவிளக்கே இல்லாத சாலைகள். வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் கறுப்பு மாடுகள் சாலையில் நிற்கும். மலைப்பக்கம் எல்க் மான்கள் குறுக்கே வரும். கண்புரை தொடங்கியிருப்பவருக்கு எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டால் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றுமே தெரியாது.

பெட்ரோல் விஷயம் இரண்டே வரி. யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பங்க்கூடக் கிடையாது. பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள், விலை பார்க்காமல்.

"எங்க ஊர் வெயிலையே பார்த்தாச்சு"

நம்மவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. வேலூரிலும் திருச்சியிலும் வளர்ந்தவர்களுக்கு வெயில் புதிதில்லைதான். ஆனால் இது வேறு வெயில். 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி, செல்சியஸில் 56.7, இன்றும் உலகச் சாதனையாக ஏட்டில் இருக்கிறது.

எண்களைவிட முக்கியம் காற்றின் வறட்சி. சென்னையில் வியர்த்தால் சட்டை நனையும், உடம்பே சொல்லிவிடும். இங்கே வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடுகிறது. நீர் போவதே தெரியாது. வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கும். "தாகமே எடுக்கலையே" என்று சொல்லிக்கொண்டே தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிரஷருக்காகச் சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இந்தச் சூட்டைத் தாங்குவது இன்னும் கடினம். கிளம்புமுன் டாக்டரிடம் இதை நேராகக் கேட்டுவிடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் காரில் இருக்க வேண்டும். பழுதாகி நின்றால் என்பதற்காகக் கூடுதலாகவும் இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்துவிடும். முறுக்கோ உப்புக் கடலையோ கூடவே கொறித்துக்கொண்டு வாருங்கள்.

2015 ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி மணல்மேட்டுப் பாதையில் நடக்கப் போய் இறந்துபோனார்கள். கூடப் போன சிறுவன் மட்டும் பிழைத்தான். நிழலே இல்லாத அந்தப் பாதை மொத்தம் 5 மைல்தான். அவர்கள் எடுத்துப் போயிருந்தது இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டில்கள்.

ஆக, ஜூன் முதல் செப்டம்பர் வரை தாழ்வான பாலையை விட்டுவிடுங்கள். அக்டோபர் பின்பாதி முதல் ஏப்ரல் வரை டூசான், பீனிக்ஸ், டெத் வேலி எல்லாம் இதமாக இருக்கும். குளிர்காலத்தில் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் ஆர்.வி. என்ற வீட்டு வண்டிகளோடு குவார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றிக் கூடாரம் போட்டதுபோல் இறங்குவதும் இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையும் செருப்புமாகப் போவது. பீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி, நம் கொடைக்கானல் உயரம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு அதற்கும் மேலே 8,000 அடியைத் தாண்டும், ஏப்ரலிலும் பனி பெய்யும். ஒரே நாளில் இவ்வளவு ஏறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். முதல் நாள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

கிராண்ட் கேன்யனில் இறங்குவது சுலபம். மலையில் முதலில் ஏறுவோம், களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்குகிறது. அதோடு, கீழே இறங்க இறங்க வெப்பமும் கூடும். விளிம்பைவிட அடிவாரம் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடாக இருக்கும். காலை 10 முதல் மாலை 4 வரை உள்ளே நடக்காதீர்கள் என்று பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் சொல்வது சடங்குக்காக இல்லை. கீழே இறங்காவிட்டால் பார்த்ததாகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விளிம்பையொட்டிச் சமதளமான பாதை இருக்கிறது, இலவச ஷட்டில் பஸ் இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் பஸ்ஸிலேயே ஒவ்வொரு காட்சிமுனையாக இறங்கி ஏறலாம். அந்தப் பிரம்மாண்டம் மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

வெள்ளமும் புழுதியும்

பாலைவனத்தில் தண்ணீரால் சாவு என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனுக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை கொட்டியது பல மைல் தள்ளி. கெட்டியான தரை நீரை உறிஞ்சாது. எல்லாம் ஓடி வந்து குறுகிய பாறை இடுக்குகளில் சேரும். அதனால் தலைக்கு மேலே இருக்கும் வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஜூன் பாதி முதல் செப்டம்பர் முடிய இங்கே பருவமழைக் காலம். வழிகாட்டி "இன்றைக்கு உள்ளே போக வேண்டாம்" என்றால் காசு போனாலும் போகட்டும்.

சாலையை வெட்டிக்கொண்டு போகும் வறண்ட ஓடைகளை இங்கே வாஷ் என்பார்கள். அதில் ஓர் அடி தண்ணீர் ஓடினாலே சிறிய காரை நகர்த்திவிடும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி மாட்டுகிறவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும். ஃப்ளாஸ்கில் காபி இருந்தால் போதும்.

புழுதிப் புயலில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று. ஓரமாக நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டு வைப்பது. பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே ஐ-10 சாலையில் கோடையில் சுவர்போல் புழுதி எழும், முன்னால் போகும் வண்டிகூட மறைந்துவிடும். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் பாதை என்று நினைத்து நேரே வந்து மோதுவார். சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், ஹஸார்டு விளக்கும் வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பிரேக் பெடலிலிருந்து காலை எடுங்கள். சீட் பெல்ட் மாட்டியபடியே இருங்கள்.

ஜிபிஎஸ் சொன்னால் வேதமா?

2011 மார்ச்சில் கனடாவிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் கிளம்பிய ஒரு தம்பதி, ஜிபிஎஸ் காட்டிய குறுக்குவழியில் போய் வடக்கு நெவாடாவின் மலைக்காட்டுச் சாலையில் சேற்றில் சிக்கினார்கள். கணவர் உதவி தேடி நடந்தார், திரும்பவில்லை. மனைவி வண்டியிலேயே இருந்தார். ஏழு வாரம் கழித்து அவரை உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. தார் போடாத சாலைக்குள் கருவி கூப்பிட்டால் போகாதீர்கள், பத்து நிமிடம் மிச்சம் என்றாலும். வாடகைக் காரின் ஒப்பந்தத்தில் மண் சாலைக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். மான்யுமென்ட் வேலியின் 17 மைல் சுற்றுப் பாதையே மண் சாலைதான், அங்கே நவஹோ என்ற பூர்வகுடி வழிகாட்டிகளின் ஜீப்பில் போவது நல்லது. அடுத்தது, வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். கார் நிழல் தரும், வானிலிருந்து தேடுபவர் கண்ணிலும் படும். மனிதர் படமாட்டார். செல்போன் சிக்னல் மணிக்கணக்கில் இருக்காத ஊர்கள் இவை. காகித வரைபடம் ஒன்று வாங்கி வையுங்கள், போனிலும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

நேரக் குழப்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அரிசோனா அப்படி மாற்றுவதில்லை, யூட்டா மாற்றும். அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ நிலம் மாற்றும், அதற்குள் இருக்கும் ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடியின் நிலம் மாற்றாது. போன் தானாக முன்னும் பின்னும் குதிக்கும். முன்பதிவு செய்த இடத்தில் எந்த நேரக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்க வேண்டியதுதான்.

பணம், மருந்து, காகிதம்

62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள் பாஸ் 80 டாலர்தான். இருவரில் ஒருவரிடம் இருந்தால் காரில் இருக்கும் மற்றவருக்கும் சேர்த்துப் போதும். இதை வாங்காமல் ஒவ்வொரு வாசலிலும் கட்டணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடையாது. 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் போன்ற 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வேறு. அவர்களுக்கென்று 250 டாலர் வருடாந்திர பாஸ் இருக்கிறது. எது லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மான்யுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ மக்களுடையவை, எந்த மத்திய அரசு பாஸும் அங்கே செல்லாது. அது அவர்கள் வாழும் ஊர் என்பதையும் மறக்க வேண்டாம். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

நிறுத்திய காருக்குள் இன்சுலினை விட்டுப் போகாதீர்கள். அரை மணி நேரத்தில் கெட்டுவிடும் அளவுக்குச் சூடேறும். குளிர்ப்பையில் வையுங்கள், ஆனால் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. மாத்திரைகளும் கைப்பையோடு வரட்டும்.

காப்பீட்டைப் பற்றி யாரும் முன்னாலேயே விசாரிப்பதில்லை. மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும். அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் அவசரத்துக்குச் செல்லும், மற்றதுக்குப் பெரும்பாலும் சொந்த ஊர் மருத்துவமனைகளோடு சரி. விசாவில் வந்தவர்கள் பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது எவ்வளவு தரும் என்று படித்துப் பாருங்கள். இந்த ஊர்களில் பெரிய மருத்துவமனை தூரம் என்பதால் ஹெலிகாப்டரில் தூக்கிப் போவார்கள், பில் பல்லாயிரம் டாலர் வரும்.

தெற்கு அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் நெடுஞ்சாலையிலேயே இருக்கும். பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ பெட்டிக்குள் இல்லாமல் கையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா, பச்சை மிளகாய்ச் சாறில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். இரண்டும் இங்கே சாதாரணம்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. பல தம்பதிகளில் எல்லா விவரமும் ஒருவர் தலையில் மட்டும் இருக்கிறது. கார் ஓட்டுவது அவர், வழி தெரிவது அவருக்கு, அறை முன்பதிவு அவர் போனில். அவருக்கே நெஞ்சு வலி வந்தால்? பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு எந்த நெடுஞ்சாலை, எத்தனையாவது மைல் கல் என்று அவசர உதவி எண்ணான 911-இல் சொல்லத் தெரிய வேண்டும். ஓட்டத் தெரிந்தால் வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். இருவரின் நோய், மாத்திரைப் பெயர், அளவு, டாக்டர் எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த பாதுகாப்பான இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று கிளம்புமுன்னே பேசி வையுங்கள். தினமும் காலையில் அன்றைய வழியையும், இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட ஆரம்பி என்பதையும் பிள்ளைக்கோ நண்பருக்கோ அனுப்பிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.