விர்ச்சுவல் சர்வர் போடுறீங்களா, முதல்ல ரேமை பாருங்க

சின்ன ஆபீஸ்னா ஒரே ஒரு நல்ல சர்வர்ல பிராக்ஸ்மாக்ஸோ ஹைப்பர்-வியோ (ஒரே சர்வரை பல மெஷின் மாதிரி பிரிச்சு ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு நாலஞ்சு விஎம் (அப்படி உள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின்) ஓட்டினாலே தாராளம், சிபியு பத்தி ரொம்ப கவலைப்படாதீங்க அதை எல்லா விஎம்மும் பங்கு போட்டுக்கும், முதல்ல தீர்ந்து போறது ரேம் தான். ஸ்னாப்ஷாட்டை (விஎம் அந்த நேரத்துல இருந்த நிலையை பதிஞ்சு வைக்குறது) பேக்கப்னு நம்பாதீங்க, பெரும்பாலும் அதே டிஸ்க்ல தான் கிடக்கும், டிஸ்க் போனா விஎம், ஸ்னாப்ஷாட் ரெண்டும் போச்சு.

கொஞ்சம் பெரிய இடம்னு ரெண்டு ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டுற சர்வர்) வச்சா ஒவ்வொண்ணுலயும் பாதி ரேமுக்கு மேல நிரப்பாதீங்க, ஒண்ணு படுத்துச்சுன்னா இன்னொண்ணு மொத்தத்தையும் தூக்கணும்ல. இந்த ரெண்டையும் பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரா சேர்த்தா கோரத்துக்கு, அதாவது ஒண்ணு படுத்தாலும் பெரும்பான்மை ஓட்டு இருக்குறதுக்கு, 3-வது ஓட்டு ஒண்ணு வேணும் (இதை நிறைய பேர் மறந்துடுறாங்க), அதுக்குன்னு முழு சர்வர் வாங்க வேணாம், சும்மா கிடக்குற பழைய குட்டி மெஷின்ல கியூடிவைஸ் (அந்த ஒரு ஓட்டை மட்டும் போடுற சின்ன சாஃப்ட்வேர்) போட்டா போதும்.